வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவன்

சிறப்புப் படைத் தேர்வான புரோபேஷனுக்கு வந்து இறங்கும் பையன்களை நான் முதலில் பூட்ஸைக் கழற்றச் சொல்வேன். டிரக்கிலிருந்து குதித்து, பிட்டூ என்கிற பையை முதுகில் ஏற்றி, நெஞ்சை நிமிர்த்தி ஃபால்-இன் ஆகி நிற்பார்கள். ஓடச் சொல்வார்கள், தண்டால் எடுக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்து நிற்பவர்களைத் தரையில் உட்கார்ந்து பாதத்தை நீட்டச் சொன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் டார்ச்சோடு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவேன். நகத்தை நேராக வெட்டியிருக்கிறானா, குதிகாலில் தோல் காய்ப்பு ஏறியிருக்கிறதா, விரலிடுக்கில் சேற்றுப்புண் உண்டா, கணுக்காலில் பழைய வீக்கம் தங்கியிருக்கிறதா. பார்த்தபடியே, எங்கேயாவது வலி இருக்கிறதா என்று கேட்பேன். "நஹீ சாப்!" என்று மொத்த வரிசையும் ஒரே குரலில் கத்தும்.

அதில் பலருக்கு எங்கேயோ ஒரு வலி இருக்கத்தான் செய்யும். இதற்கென்றே மாதக்கணக்கில் சுமையோடு ஓடித் தயாரான கால்கள் அவை. வாயைத் திறந்தால் வந்த டிரக்கிலேயே ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அந்தப் பயத்தையும் அதிலிருந்து வரும் பொய்யையும் மூன்று மாதத்துக்குள் ஒருவன் விட்டுவிடுகிறானா என்று பார்ப்பதுதான், என்னைக் கேட்டால், சிறப்புப் படைத் தேர்வின் உயிர்நாடி. சுமை, நடை, பட்டினி, தூக்கமின்மை எல்லாம் அதைப் பார்ப்பதற்காக ஏற்படுத்திய வழிகள். என்னோடு பயிற்சி கொடுத்த உஸ்தாதுகளிலேயே சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தாக்குப்பிடிக்கிறானா என்பதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் பிறகு என்பார்கள். எனக்கு இதில் சந்தேகம் வந்ததே இல்லை.

நான் வேலூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது பரம்பரைத் தொழில் மாதிரி. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் ரெக்ரூட்டாகச் சேர்ந்தேன். பட்டாலியனில் சில காலம் இருந்துவிட்டு, விருப்பம் எழுதிக் கொடுத்து, பாராசூட் ரெஜிமென்டின் சிறப்புப் படைப் பட்டாலியன் ஒன்றுக்குப் போனேன். எது, எங்கே என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அங்கே டீமில் ஒவ்வொருவனுக்கும் தனியாக ஒரு கைத்தொழில் உண்டு: ஆயுதம், வெடிமருந்து, ரேடியோ, மருத்துவம். எனக்கு மருத்துவம் வந்து சேர்ந்தது. பேட்டில்ஃபீல்ட் நர்ஸிங் அசிஸ்டென்ட், சுருக்கமாக பி.எஃப்.என்.ஏ. என்போம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களோடு போய், அடிபட்டவனுக்கு ரத்தத்தை நிறுத்தி, ஹெலிகாப்டர் வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிற வேலை. பிற்பாடு புரோபேஷன் குழுவில் என்னைப் போட்டபோது, மற்ற உஸ்தாதுகள் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார்கள், நான் காலையும் கண்ணையும் மூத்திரத்தின் நிறத்தையும் பார்த்தேன். சுபேதாராக ஓய்வுபெறும்வரை அந்தப் பார்வை மாறவில்லை.

எங்கள் படையில் யாரும் உத்தரவின் பேரில் வந்து சேர்வதில்லை. ஆரம்பமே அப்படித்தான். 1965 போரின்போது மேஜர் மேக் சிங், தாமாக முன்வந்தவர்களைப் பொறுக்கி எடுத்து 'மேகதூத்' என்று ஒரு சிறு படையைக் கட்டி, எல்லை தாண்டிப் போய் அடித்தார். வென்று வந்தால் லெப்டினன்ட் கர்னல் பட்டையை என் கையாலேயே குத்துகிறேன் என்று மேற்குப் பிராந்தியத் தளபதி ஹர்பக்ஷ் சிங் சொல்லியிருந்தார், சொன்னபடியே செய்தார். அந்த அனுபவத்தை வைத்து 1966-ல் 9 பாரா கமாண்டோ எழும்பியது. அடுத்த வருஷமே அதிலிருந்து 10 பாரா கமாண்டோ பிரிந்தது. 1971 டிசம்பரில் ஜெய்ப்பூர் மகாராஜா பவானி சிங் தலைமையில் 10 பாரா கமாண்டோ தார் பாலைவனத்தைக் கடந்து பாகிஸ்தானின் சாச்ரோவுக்குள் புகுந்தது. அதே மாதம் பூஞ்ச் பகுதியில் 9 பாரா கமாண்டோவினர் இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து, மலைப்பாதையில் நடந்து, மந்தோல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த பாகிஸ்தான் பீரங்கிகளை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மந்தோல் கதையைப் புரோபேஷனர்களுக்குச் சொல்லும்போது வெடிச்சத்தத்தைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. டிசம்பர் மாதம் காஷ்மீர மலை ஆற்றில் இறங்கி, நனைந்த துணியோடு இருட்டில் மேலே ஏறுவது எப்படியிருக்கும் என்பதைச் சொல்வேன். அந்த வரிசையில் ஒருவனுக்குக் கால் மரத்துப்போனால் முன்னால் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? அவன் சொன்னால்தான் தெரியும். வழி தவறிவிட்டது, வெடிமருந்து நனைந்துவிட்டது, பின்னால் ஒருவனைக் காணோம், எதுவானாலும் சொன்னால்தான் தெரியும். பெரிய பட்டாலியனில் ஒருவன் மறைத்ததை இன்னொருவன் கண்டுபிடித்துவிடுவான், மேலே கம்பெனி ஹவில்தார் மேஜர் இருப்பார், பின்னால் வண்டி வரும். ஐந்தாறு பேராகப் போகிற இடத்தில் அதெல்லாம் கிடையாது.

புரோபேஷன் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் இருந்த காலத்தில் மூன்று மாதம். அதிகாரியானாலும் சிப்பாயானாலும் ஒரே மண், ஒரே சுமை. அதிகாரியைக் கொஞ்சம் கூடுதலாகவே நெருக்குவார்கள். 10, 20, 30, 40 கிலோமீட்டர் என்று சுமையோடு வேகநடை ஏறிக்கொண்டே போகும், கடைசிக் கட்டத்தில் 100 கிலோமீட்டர். நடுவில் தூங்கவிடாமல் நாள் கணக்கில் வேலை, நடுராத்திரியில் குளிர்ந்த தண்ணீர், சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்த நிமிஷத்தில் ஃபால்-இன். எந்த நிமிஷமும் ஒருவன், எனக்கு வேண்டாம் சாப், என்று சொல்லிவிட்டுச் சொந்தப் பட்டாலியனுக்குத் திரும்பலாம். ஆர்.டி.யு. என்பார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் திரும்பிப் போவார்கள். அவர்களை நான் ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை. தன்னால் இது ஆகாது என்று தெரிந்து, அதை ஆள்முன் சொல்லிவிட்டுப் போகிறவன் நல்ல சிப்பாய். ரொம்பப் பேர் சொந்தப் பட்டாலியனுக்குப் போய் மிகச் சிறந்த ஹவில்தார்களாக ஆனது எனக்குத் தெரியும்.

இதில் சிரமமான ஆள் வேறொருவன். உடம்பு வலு உள்ளவன், மனசிலும் உறுதி உள்ளவன், எப்படியும் எங்கள் படையின் மரூன் தொப்பியை வாங்கிவிட வேண்டும் என்று வெறியோடு வந்தவன். அவன் தோற்பதில்லை, ஆனால் மறைப்பான்.

தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன். 30 கிலோமீட்டர் நடை முடிந்த ராத்திரி, பாதம் பார்க்கும் வரிசையில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தான். கொப்புளம் அதிகமில்லை, அதையும் ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை எடுத்து, தோலைப் பிய்க்காமல் அழகாக விட்டிருந்தான். நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் காலுறையை மாட்டும்போது இடது காலுக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டான். முன்னங்கால் எலும்பில் மேலிருந்து கீழாகக் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே வந்தேன். சுமையோடு ஓடுகிற பலருக்கும் அந்த எலும்பு நெடுக வலிக்கும், அது ஓய்வெடுத்தால் போய்விடும். ஒரே ஒரு புள்ளியில், கட்டைவிரல் அகலத்துக்குள், சுரீர் என்று வலித்தால் அது வேறு கதை. எலும்பு மயிரிழையாக விரிசல் விட்டிருக்கலாம். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயிலும் அது பல தடவை தெரியாது. அந்தப் புள்ளிக்கு விரல் வந்ததும் பையன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மூச்சு மட்டும் நின்றது.

"எழுந்து அந்தக் கால்ல மட்டும் குதிடா" என்றேன்.

எழுந்தான். குதிப்பதற்கு முன்னால் வலது கையால் கூடாரக் கயிற்றைப் பிடித்தான்.

அதுவரை இந்தியில் பேசிக்கொண்டிருந்தவன் தமிழுக்கு மாறினேன். "தம்பி, வலிக்குதா இல்லையா?"

"சொன்னா அனுப்பிருவீங்கல்ல சாப்?"

"அனுப்புவேன். சொல்லாம நாளைக்கு நாப்பது கிலோமீட்டர் நடந்தீன்னா எலும்பு ரெண்டாப் போகும். அப்பவும் அனுப்புவேன். அதுக்கப்புறம் நீ இந்தப் பக்கம் வரவே முடியாது. எது வேணும்?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாலு நாளா வலிக்குது சாப்" என்றான்.

ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். போகும்போது டிரக்கில் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த வருஷ புரோபேஷனில் மறுபடி வந்து நின்றான். முதல் நாள் பாதம் பார்க்கிற வரிசை, அதே கேள்வி, மொத்த வரிசையும் "நஹீ சாப்" என்று கத்தியது. அவன் மட்டும் கையைத் தூக்கினான். போன வருஷம் இடது முன்னங்கால் எலும்பில் விரிசல், கூடிவிட்டது, இப்போது வலி இல்லை, 20 கிலோமீட்டருக்கு மேல் சுமையோடு நடந்து பார்த்தாயிற்று என்று வரிசையாகச் சொன்னான். பக்கத்தில் நின்ற பையன்கள் இவன் கதை இன்றோடு முடிந்தது என்பதுபோலப் பார்த்தார்கள். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, இவன் எங்கள் ஆள். அவன் தேறினான்.

அதிகாரிகள் இன்னும் மோசமாக மறைப்பார்கள், அதையும் சொல்ல வேண்டும். இருபத்துமூன்று இருபத்துநான்கு வயது லெப்டினன்ட், தனக்குக் கீழே வேலை பார்க்கப்போகிற சிப்பாய்களோடு சேர்ந்து சேற்றில் கிடக்கிறவர். வலி என்று வாய்விட்டால் அவர்கள் நாளைக்கு மதிப்பார்களா என்ற கவலை அவருக்கு. நான் அவர்கள் பாதத்தையும் தரையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். "சாப், நீங்கள் சொன்னால்தான் இந்தப் பையன்கள் சொல்வார்கள்" என்று காதோடு சொல்வேன். புரிந்துகொண்டவர் மறுநாள் எல்லார் முன்னாலும் சத்தமாக, என் வலது குதிகாலில் கொப்புளம், என்று சொல்வார். அதன் பிறகு அந்தக் குழுவே மாறிவிடும். ஒரு புரோபேஷனில் இப்படி ஓர் அதிகாரி கிடைத்துவிட்டால் எங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

உடம்பைப் பற்றிய உண்மை இப்படியென்றால், இடத்தைப் பற்றிய உண்மை இன்னொன்று. இரவு வழிகாணும் பயிற்சியில் புரோபேஷனர்கள் ஜோடி ஜோடியாக வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். செக்பாயின்டில் ஒரு பாறைக்குப் பின்னால் நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வருகிற ஜோடியிடம் ஒரே கேள்விதான்: இப்போது எங்கே இருக்கிறாய், காட்டு. பெரும்பாலும் விரலைக் கொண்டுபோய் வரைபடத்தில் வைப்பார்கள். எங்கள் கையில் இருப்பது 1:50,000 வரைபடம், அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரைக் கிலோமீட்டர். விரல் நுனிக்கடியில் ஒரு குன்றும் ஒரு பள்ளத்தாக்கும் ஒளிந்துகொள்ளும். "விரலை எடு, புல்லைக் கிள்ளி அதன் நுனியை வை" என்பேன். புல் நுனியில் பொய் சொல்வது கஷ்டம். கை நடுங்கும். சிலர் அப்போதும் தைரியமாக ஓரிடத்தில் குத்துவார்கள், கேட்கிறவர் சுபேதார், ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்று.

ஒரு தடவை கார்வாலிப் பையன் ஒருவன் புல்லைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியவில்லை சாப் என்றான். கூட வந்தவன் அவன் முழங்கையைக் கிள்ளினான். இவன் கண்டுகொள்ளவில்லை. நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடம் இந்த ஓடை வளைவு, அங்கிருந்து வடகிழக்காக இருபது நிமிஷம் ஏறியிருக்கிறோம், நடுவில் முள்ளுக்காட்டைச் சுற்றியதில் திசை விலகியிருக்கும், அதனால் இந்த மலைமுதுகுக்கும் அந்த மலைமுதுகுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம், விடியும்வரை கேட்டாலும் இவ்வளவுதான் சொல்ல முடியும் என்றான். வழி தவறியவன் சொல்ல வேண்டிய பதிலில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. பீரங்கி ஆதரவோ ஹெலிகாப்டரோ கேட்கும்போது தன் இடத்தைத் தவறாகச் சொல்கிறவன் குண்டைத் தன் தலைமேலேயே கேட்டு வாங்குகிறான். தெரியவில்லை என்று சொல்கிறவனுக்கு மேலே இருக்கிறவர்கள் வேறு வழி பார்ப்பார்கள்.

மூன்றாவதாக, கண்ணைப் பற்றிய உண்மை. கிப்ளிங் எழுதிய 'கிம்' நாவலில் வருகிற நினைவாற்றல் விளையாட்டு ஒன்று உலகம் முழுக்கப் படைகளில் பயிற்சியாக ஆகிவிட்டது. சாக்கின் மேல் சில பொருட்களைப் பரப்பி, ஒரு நிமிஷம் காட்டி, மூடிவிட வேண்டியது. பார்த்ததைச் சொல்ல வேண்டும். வகுப்பறையில் இது சுலபம். நாங்கள் நடைக்குக் கிளம்பும் முன் பொருட்களைக் காட்டுவோம். 40 கிலோமீட்டர் முடிந்து, துப்பாக்கியைச் சுத்தம் செய்து, உப்புத் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்த பிறகு கேட்போம்.

அன்றைக்குப் பரப்பியவை: தோட்டா ஒன்று, பேட்டரி, சிவப்பு நூல்கண்டு, மைனா இறகு, பேனா மூடி, பழைய பஸ் டிக்கெட், முனை உடைந்த சாவி, தீப்பெட்டி. ஒரு பையன், ஓட்டத்திலும் சுடுவதிலும் அந்தக் குழுவிலேயே முதல் ஆள், மூச்சுவிடாமல் எட்டையும் சொன்னான். பிறகு நிறுத்தாமல் ஒன்பதாவதாக ஒரு பாட்டில் மூடியையும் சொன்னான். நிச்சயமா என்று கேட்டோம். நிச்சயம் சாப், பச்சை நிறம் என்றான். பாட்டில் மூடியே அங்கே இல்லை. அடுத்தவன் ஐந்துதான் சொன்னான். சாவி இருந்தது, ஆனால் உடைந்ததா முழுசா என்று நினைவில்லை என்றான். மீதியைக் கேட்டதற்கு, "பார்த்தேன் சாப், ஆனா போயிருச்சு" என்றான். அன்று ராத்திரி குழு உட்கார்ந்து பேசியபோது முதல் பையனுக்காக ரொம்ப நேரம் வாதாடினார்கள். அவ்வளவு திறமையான ஆளை விட யாருக்கும் மனசில்லை. நான் ஒன்றைத்தான் கேட்டேன்: நாளைக்கு எல்லைக்கு அப்பால் ஒரு வீட்டைக் கண்காணிக்க இவனை அனுப்பி, உள்ளே எத்தனை பேர் என்று ரேடியோவில் கேட்டு, இவன் சொல்கிற எண்ணை நம்பி நீங்கள் ஆள் அனுப்புவீர்களா? கேப்டன் சாப் பேனாவை மூடி மேசையில் வைத்தார். அந்தப் பையனுக்கு இன்னும் இரண்டு வாரம் கொடுத்து, வேண்டுமென்றே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டோம். அவன் மாறவில்லை. தெரியாது என்ற வார்த்தை அவன் வாயில் வரவே இல்லை. அனுப்பிவிட்டோம்.

சினிமாவிலும் யூடியூபிலும் பார்த்துவிட்டு, கமாண்டோ என்றால் எலும்பு உடைந்தாலும் சிரிப்பான், காய்ச்சல் நூற்றுநாலு அடித்தாலும் ஓடுவான் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும். 2013 ஜூலையில் பிரிட்டனில், வேல்ஸ் பகுதியின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில், சிறப்புப் படைத் தேர்வு நடையின்போது மூன்று பேர் வெப்பத் தாக்குதலில் செத்துப்போனார்கள். குளிர்ப் பிரதேசம், நம் ஊர்க்காரனுக்கு அது வெயில் என்றே தோன்றாது. 2022 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படையின் 'நரக வாரம்' என்ற தேர்வை முடித்த ஒருவன், தேறி வெளியே வந்த சில மணி நேரத்தில் நிமோனியாவில் இறந்தான். இரண்டு நாட்டுப் படைகளும் இந்தத் தொழிலில் தலைசிறந்தவை. அங்கேயே இப்படி நடந்தது.

வெப்பத் தாக்குதலை மருத்துவக்காரன் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், போலீஸ் பயிற்சிக்கும் மாரத்தானுக்கும் தயாராகிறவர்களுக்கும் இது பயன்படும். வேர்வை நின்றால்தான் ஆபத்து என்று ஊரில் சொல்வார்கள். ஓடும்போது வருகிற வெப்பத் தாக்குதலில் வேர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். முதலில் மாறுவது பேச்சு. அமைதியான பையன் காரணமில்லாமல் எரிந்து விழுவான், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வான், தன் ஜோடிக்காரன் பெயரை மறந்துவிடுவான். அப்புறம் கால் பின்னும். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதை அக்குளில் வைத்துப் பார்த்தால் சரியாகத் தெரியாது, ஆசனவாயில்தான் பார்க்க வேண்டும், கூச்சப்பட நேரமில்லை. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. இருந்த இடத்திலேயே துணியைக் கழற்றி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்க வேண்டும், தொட்டி இல்லையென்றால் ஈரப் போர்வையைப் போட்டு நிற்காமல் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். குளிரவைத்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. முதல் அரைமணி நேரத்தில் செய்வதைப் பெரிய ஆஸ்பத்திரியால் பிறகு ஈடுகட்ட முடியாது.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. பயந்துபோய் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி, அதுவும் மயக்கம், வலிப்பு என்று கொண்டுபோய்விடும். நடைக்குப் பிறகு மூத்திரம் கோலா நிறத்தில் போனால் தசை கரைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று அர்த்தம், சிறுநீரகத்துக்கு ஆபத்து. மூத்திரம் என்ன நிறம் என்றுதான் நான் தினமும் காலையில் ஒவ்வொருவனிடமும் கேட்பேன். வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். நிறம் என்ன என்று மறுபடி கேட்பேன். சாயம் பூசாத உண்மை வரும்வரை விடமாட்டேன்.

தேறியவர்கள் பிறகு ஆக்ராவுக்குப் போவார்கள், விமானப்படை நடத்துகிற பாராட்ரூப்பர் பயிற்சிப் பள்ளிக்கு. தரையிலேயே விழுந்து உருளும் பயிற்சி நாட்கணக்கில் நடக்கும், அப்புறம் மால்புரா மைதானத்தின் மேல் ஐந்து குதிப்பு, அதில் ஒன்று ராத்திரியில். பயம் எல்லாருக்கும் உண்டு, முதல் குதிப்பைவிட இரண்டாவதில்தான் அதிகம், ஏனென்றால் அப்போது என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டிருக்கும். விமானத்துக்குள் குதிக்கும் முன் ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் நிற்பவனின் முதுகில் பாராசூட் கட்டும் கயிறும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கடைசி ஆளிலிருந்து ஓகே, ஓகே என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். இன்ஜின் இரைச்சலில் வாய் அசைவதுதான் தெரியும். உன் முதுகைப் பார்க்காமலேயே உனக்கு ஓகே சொல்கிற ஆள் உன் பின்னால் நிற்கிறான் என்று யோசித்துப் பார்.

டீமுக்குள் வந்த பிறகு நாங்கள் கற்றுக்கொடுக்கிற முதல் பாடம் ரிப்போர்ட். ரோந்து போய்த் திரும்பியவன் பார்த்தது, கேட்டது, ஊகித்தது மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னால், நான்கு பேரைப் பார்த்தாயா என்று கேட்போம். இரண்டு பேரைப் பார்த்தேன், கொல்லையில் நான்கு தட்டு காய்ந்தது என்பான். அப்படியானால் அப்படிச் சொல். இரண்டு பேர், பார்த்தது. நான்கு தட்டு, பார்த்தது. நான்கு பேர், ஊகம். இது மேலே போகும்போது ஒவ்வொரு படியிலும் அதே பிரிவோடு போக வேண்டும். புரோபேஷனில் புல் நுனியை வைத்தவனுக்கும் சாவி உடைந்ததா என்று நினைவில்லை என்றவனுக்கும் இந்தப் பாடம் ஒரு வாரத்தில் பிடிபடும். மற்றவர்களுக்கு வருஷக்கணக்கில் ஆகும்.

தேனிப் பையன் இப்போது ஹவில்தார். போன பொங்கலுக்கு லீவில் வந்தபோது வீட்டுக்கு வந்தான். "அண்ணே, நானும் இப்ப கால் பாக்குற வேலையிலதாண்ணே இருக்கேன்" என்றான். சீருடையில் சாப் என்பவன், வீட்டில் அண்ணே ஆகிவிட்டான். சாப்பிட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் காலுறையைப் பற்றியும் எலும்பு விரிசலைப் பற்றியும் பேசினோம், என் மனைவி எங்களை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அவனிடமும் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். காயத்தால் திரும்புகிறவனையும் தானாக விலகுகிறவனையும் ஒரே டிரக்கில் ஏற்றி, ஒரே மாதிரித் தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பக் கூடாது. காயம்பட்டவன் கையில், எலும்பு கூட எத்தனை வாரம் ஆகும், எப்போதிலிருந்து சுமை ஏற்றலாம், அடுத்து எந்த புரோபேஷனுக்கு வரலாம் என்று எழுதிய தாள் இருக்க வேண்டும். அதன் நகல் அவன் பட்டாலியன் மெடிக்கல் ஆபீசருக்குப் போக வேண்டும். அங்கே போன முதல் வாரமே, தோற்று வந்தவன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று மறுபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடுவான், அவனை ஆறு வாரம் உட்காரவைக்க ஒருவர் வேண்டும்.